மகராசன் அல்ல, முதலை: யோகா வகுப்புச் சொற்களைப் பழகிக்கொள்ளும் வழி

எங்கள் மொட்டைமாடி வகுப்புக்கு எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். மகராசனம் செய்யலாம் என்று ஒருநாள் சொன்னேன். எல்லோரும் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டே கேட்டார்: “ஏன் கண்ணு, மகராசன் எங்கேயாவது இப்படிக் குப்புறப் படுத்துக் கிடப்பானா?” மகரம் என்றால் முதலை என்று விளக்கினேன். “அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அமராவதி அணை முதலைப் பண்ணையை நினைத்துக்கொண்டு சரியாகப் படுத்திருப்பேனே” என்றார். படுத்தார், சரியாகத்தான் படுத்தார்.

யோகா கற்க வருகிறவர்களை முழங்காலை விட இந்தச் சொற்கள்தான் அதிகம் மிரட்டுகின்றன என்பது அன்று எனக்குப் புரிந்தது. அதற்குக் காரணமும் உண்டு. இவற்றில் பாதி நாம் தினமும் புழங்குகிற சொற்கள். ஆனால் நம் வீட்டில் அவற்றுக்கு ஒரு பொருள், யோகா வகுப்பில் வேறு பொருள். முற்றிலும் தெரியாத சொல்லைக் கேட்டால் சந்தேகம் கேட்போம். தெரிந்ததுபோல் இருக்கிற சொல்லைக் கேட்டால் கேட்காமல் தலையாட்டிவிடுவோம், தப்பும் அங்கேதான் நடக்கும். சமஸ்கிருத அரிச்சுவடியே தெரியாமல் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருப்பவருக்காக இந்தக் கட்டுரை. இலக்கணம் முழுவதையும் சொல்லப்போவதில்லை, தேவைப்படுகிற அளவு மட்டும்தான். பெரும்பாலான எடுத்துக்காட்டுகளைக் கொங்கு நாட்டுக் கோயில்களிலிருந்தும் மலைகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன். அவை நம் வாயில் ஏற்கெனவே ஊறிப்போனவை.

முதல் படி: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஒரு சொல். மேலே வகுப்பில் காதில் விழுந்தபடியே சொல்லை எழுதுங்கள். அதன் கீழே மூன்று வரி: எப்படிப் பிரிகிறது, யோகத்தில் என்ன பொருள், தமிழில் நாம் அதை எந்தப் பொருளில் வழங்குகிறோம். மூன்றாவது வரியைப் பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகம் உதவியது அந்த வரிதான். செல்பேசியில் பட்டியலைப் பதிவிறக்கிக்கொள்வது நோட்டு ஆகாது. இருநூறு சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் மூன்றாவது வாரத்தில் வகுப்பையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஐந்து சொல் போதும், அன்று உடம்பால் செய்ததன் பெயரை மட்டும் எழுதுங்கள்.

இரண்டாம் படி: வாலை வெட்டுங்கள்

ஆசனப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வால்தான், ஆசனம். இருக்கை, இருக்கும் நிலை என்று பொருள். அதை வெட்டிவிட்டால் முன்னால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பிராணி, ஒரு பொருள், அல்லது உடம்பின் ஒரு பாகம்.

விருட்சாசனத்தில் மிஞ்சுவது விருட்சம், கோயிலில் தல விருட்சம் என்கிறோமே அதுதான். தனுராசனத்தில் தனுசு, அதாவது வில். மத்ஸ்யாசனத்தில் மச்சம், மீன். ஹலாசனத்தில் ஹலம், கலப்பை. கால்கள் தலைக்குப் பின்னால் போய்த் தரையைத் தொடும்போது உடம்பு ஏர்போல வளைவதை உழவு பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. சலபாசனத்தில் வெட்டுக்கிளி. உஷ்ட்ராசனத்தில் ஒட்டகம். இதை ‘உஷ்ணாசனம்’ என்று எழுதிவைத்துக்கொண்டு உடம்புச் சூடு ஏறும் என்று பயந்த ஒருவரை எனக்குத் தெரியும். புஜங்காசனத்தில் புஜத்தைத் தேடாதீர்கள். புஜங்கம் என்றால் வளைந்து செல்வது, பாம்பு.

சிரசாசனத்துக்குச் சென்னிமலைக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். சென்னி என்றால் தலை. சமஸ்கிருதத்தில் தலை சிரசு, மலை கிரி. சென்னிமலையின் மறுபெயர் சிரகிரி, கந்த சஷ்டி கவசம் சொல்கிறவர்கள் அந்தப் பெயரை நாள் தவறாமல் உச்சரிக்கிறார்கள். அதே சிரம்தான் சிரசாசனத்தில் இருக்கிறது, ஜானு சிரசாசனத்திலும் இருக்கிறது. ஜானு என்றால் முழங்கால், தலை முழங்காலைத் தொடும் நிலை. கிரிக்கு வெள்ளியங்கிரி இருக்கிறது. வெள்ளி தமிழ், கிரி சமஸ்கிருதம், இரண்டும் ஒரே மலையில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

சவாசனம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சவம் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல், அதுதான் தொல்லை. காலை வேளையில் சவமாகப் படு என்றால் எந்தப் பாட்டிக்குத்தான் மனம் ஒப்பும்? தமிழ்நாட்டு வகுப்புகள் பலவற்றில் இதைச் சாந்தி ஆசனம் என்று மாற்றிச் சொல்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையில் இடம்பெற்றிருக்கும் 15 ஆசனங்களில் சவாசனமும் ஒன்று, பெயர் அவ்வளவு பழையது. பெரியவர்கள் இருக்கிற வகுப்பில் நானும் சாந்தி ஆசனம் என்றே சொல்கிறேன். ஆனால் நோட்டில் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஊர் மாறினால் பெயரும் மாறும்.

மூன்றாம் படி: மூட்டைப் பிரியுங்கள்

நீளமான பெயரைக் கேட்டதும் மலைத்துப்போவதற்குக் காரணம் சொற்கள் சேருமிடத்தில் எழுத்து மாறிவிடுவதுதான். இதற்கு மூன்று விதிகள் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மூன்றையும் நம் ஊர்ப் பெயர்களிலேயே கற்றுக்கொள்ளலாம்.

அகரமும் அகரமும் சேர்ந்தால் ஆகாரம்: மருத + அசலம் = மருதாசலம். மருதமலை முருகனின் பெயர், கோவைப் பக்கம் இரண்டு தெருவுக்கு ஒருவராவது இந்தப் பெயரில் இருப்பார். விருட்ச + ஆசனம் = விருட்சாசனம் ஆவதும் இதே விதியால்தான்.

அகரமும் இகர ஈகாரங்களும் சேர்ந்தால் ஏகாரம்: சங்கம + ஈஸ்வரர் = சங்கமேஸ்வரர், பவானி கூடுதுறைச் சிவன். மத்ஸ்ய + இந்திர = மத்ஸ்யேந்திர ஆவதும் இப்படித்தான்.

அகரமும் உகரமும் சேர்ந்தால் ஓகாரம்: சூரிய + உதயம் = சூரியோதயம். பச்சிம + உத்தான + ஆசனம் = பச்சிமோத்தானாசனம்.

கடைசிப் பெயரில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற ஆசனம் இது. பச்சிமம் என்றால் மேற்கு, உத்தானம் என்றால் நன்றாக நீட்டுதல். முன்னால் குனிகிறவருக்கு மேற்கு எதற்கு? சூரியனைப் பார்த்துக் கிழக்கு நோக்கி உட்கார்ந்து செய்வது வழக்கம், அப்போது முதுகு மேற்கில் இருக்கும். அதனால் உடம்பின் பின்புறம் முழுவதற்கும் பச்சிமம் என்று பெயர் வந்தது. கோவையில் விடியற்காலை மொட்டைமாடியில் கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கும். இதை விட நல்ல நினைவுக்குறிப்பு உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் கிடைத்திருக்காது என்பது என் கட்சி. இதற்கு நேரெதிரான பூர்வோத்தானத்தில், பூர்வம் என்றால் கிழக்கு, அதாவது உடம்பின் முன்புறம் நீள்கிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பெயரையும் பிரித்தால் பொருள் வந்துவிடாது. அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தைப் பிரித்தால் ‘பாதி மீனரசன்’ என்று வரும். அங்கே மத்ஸ்யேந்திரர் நாத யோகிகளின் மரபில் வந்த ஒரு குருவின் பெயர். அவர் பெயரிலான ஆசனத்தின் எளிய வடிவம் என்பதால் ‘அர்த்த’. வசிஷ்டாசனமும் வீரபத்திராசனமும்கூட ஆட்களின் பெயர்களே.

நான்காம் படி: முன்னால் ஒட்டுகிறவை

இவை பத்துப் பன்னிரண்டுதான், ஆனால் மீண்டும் மீண்டும் வரும். அதோ என்றால் கீழ்நோக்கி. ஊர்த்துவ என்றால் மேல்நோக்கி. சுப்த என்றால் படுத்த நிலை. பத்த என்றால் கட்டிய நிலை, பத்து என்ற எண்ணோடு இதற்குத் தொடர்பில்லை. பரிவிருத்த என்றால் திருப்பிய நிலை. ஏக ஒன்று, துவி இரண்டு, திரி மூன்று. ஹஸ்தம் கை, பாதம் கால். இதை வைத்து அதோ முக சுவானாசனத்தைப் பிரித்துப் பாருங்கள்: கீழ்நோக்கிய, முகம், நாய். தூங்கி எழுந்த தெருநாய் முன்னங்காலை நீட்டி, பின்புறத்தை உயர்த்திச் சோம்பல் முறிப்பதைப் பார்த்தவருக்கு ஆசிரியரே தேவையில்லை.

அர்த்த என்ற முன்னொட்டு பலரையும் ஏமாற்றுகிறது. ‘அர்த்தம்’ என்றால் பொருள் என்றுதானே நமக்குத் தெரியும்? அது வேறு சொல். இங்கே அர்த்த என்றால் பாதி. திருச்செங்கோட்டு மலையில் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர், பாதி பெண்ணான ஈஸ்வரர். அவரை ஒருமுறை நினைத்துக்கொண்டால் அர்த்த சக்ராசனம் பாதிச் சக்கரம் என்பது மறக்காது.

விபரீத கரணியும் அப்படித்தான். ‘விபரீதமாகிவிட்டது’ என்று நாம் சொன்னால் கேடு வந்துவிட்டது என்று பொருள். யோகத்தில் விபரீதம் என்பது தலைகீழ், அவ்வளவுதான். கால்களை மேலே உயர்த்தி உடம்பைத் தலைகீழாக்கும் செயல் என்பதே அந்தப் பெயரின் பொருள். கழுத்து வலியோ ரத்தக் கொதிப்போ உள்ளவர் பார்த்துச் செய்யாவிட்டால் தமிழ்ப் பொருளிலும் விபரீதம் ஆகலாம் என்பது தனிக் கதை.

மருதாசலத்திடம் இன்னும் ஒரு பாடம் இருக்கிறது. சலம் என்றால் அசைவு, அசலம் என்றால் அசையாதது, அதனால் மலை. முன்னால் வரும் ‘அ’ இல்லை என்று சொல்லும் எழுத்து. ஹிம்சை இல்லாதது அஹிம்சை, ஸ்தேயம் (திருட்டு) இல்லாதது அஸ்தேயம், பரிக்கிரகம் (அள்ளிச் சேர்த்தல்) இல்லாதது அபரிக்கிரகம். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களில், அதாவது ஒழுக்கக் கட்டுப்பாடுகளில், மூன்றை மருதமலைப் படிக்கட்டில் நின்றே கற்றுக்கொண்டுவிட்டோம். மிச்சம் சத்தியமும் பிரம்மசரியமும்.

ஐந்தாம் படி: மூச்சு

பிராணாயாமத்தை எல்லோரும் பிராண + யாமம் என்று பிரிக்கிறார்கள். பிராண + ஆயாமம் என்பதே சரி. ஆயாமம் என்றால் நீட்டுதல், கட்டுக்குள் கொண்டுவருதல். அடக்குதல் என்று மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருக்கிறார்கள். நீளமாக்குவது என்று புரிந்துகொண்டால் உடம்பு தானாகத் தளரும். இன்னொன்று: ஆங்கில எழுத்தில் பார்த்துப் படித்தவர்கள் இதைப் ‘பிரணயாமா’ என்கிறார்கள். பிரணயம் என்றால் காதல். வாளையாறு தாண்டி வந்த மலையாள நண்பர் ஒருவர் எங்கள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மூச்சின் மூன்று நிலைகளுக்கும் நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. உள்ளே இழுப்பது பூரகம், நிரப்புதல். கொழுக்கட்டைக்குள் வைக்கிற பூரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவது கும்பகம். கும்பத்தில் நீர் அலையாமல் நிற்பதுபோல மூச்சு நிற்கிறது. வெளியே விடுவது ரேசகம். நாட்டு வைத்தியர் பேதிக்குக் கொடுப்பதை விரேசனம் என்பார், காலிசெய்தல் என்ற வேர் இரண்டுக்கும் ஒன்று. இது கொஞ்சம் அசிங்கமான நினைவுக்குறிப்பு என்று ஒரு மாணவி முகம் சுளித்தாள். ஆனால் அவள் மறக்கவில்லை.

திருமூலர் இந்த மூன்றுக்கும் கணக்கே சொல்கிறார்: பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, ரேசகம் 32. புதியவர் யாரும் இந்த 64-ஐ முயல வேண்டாம். நிறுத்தாமல் இழுத்து விடுவதிலேயே முதல் சில மாதங்களைக் கழியுங்கள்.

அடுத்து வருபவை காதுக்குப் பொல்லாதவை. நாடி சோதனம் என்றதும் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே நாடி என்றால் உடம்பில் பிராணன் ஓடும் வழி. சோதனம் என்றால் தூய்மை செய்தல், சோதித்தல் அல்ல. நாடி சுத்தி என்ற பெயரைச் சொன்னால் குழப்பமே வராது. கபாலபாதியில் ‘பாதி’ அரைவாசி அல்ல, ஒளிர்தல். மண்டையை ஒளிரச் செய்வது. ஹடயோக பிரதீபிகை இதைப் பிராணாயாமத்தில் சேர்க்கவில்லை, நேதி, தௌதி முதலியவற்றோடு ஆறு சுத்திகரிப்புகளில் ஒன்றாகத்தான் வைக்கிறது. பஸ்திரிகா என்றால் கொல்லன் பட்டறைத் துருத்தி. பிராமரி என்றால் வண்டின் ரீங்காரம். சீதளி என்றால் குளிர்ச்சி தருவது.

இடகலை, பிங்கலை, சுழுமுனை என்ற மூன்று நாடிகளின் பெயர்களைச் சித்தர் பாடல்கள் வழியாகத் தமிழே தனதாக்கிக்கொண்டது. இடகலை இடப்பக்கம் இருப்பது. இடம் என்ற தமிழ்ச் சொல்லுக்கும் அதற்கும் வேர் வேறு, ஆனாலும் தற்செயலாகக் கிடைத்த உதவியை ஏன் விட வேண்டும்?

ஆறாம் படி: ஒரே எழுத்துக்குள் இரண்டு சொல்

கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான், இதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

சமஸ்கிருதத்தில் ப-வுக்கு நான்கு ஒலிகள், நமக்கு ஒரே எழுத்து. க, ச, ட, த எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. அதனால் அங்கே வெவ்வேறான சொற்கள் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. பவனமுக்தாசனத்தை எடுத்துக்கொள்வோம். பவனம் என்றால் நமக்கு வீடு. முக்தம் என்றால் விடுபட்டது. ஆக, வீட்டை விட்டு வெளியேறுகிற ஆசனமா? எங்கள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அந்தப் பொருளே நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் இங்கே பவனம் என்றால் காற்று. வயிற்றில் சேர்ந்த வாயுவை விடுவிக்கிற ஆசனம். வீடு என்ற பவனத்தின் ‘ப’ வேறு ஒலி.

இரண்டாவது, சித்தம். மனம் என்ற பொருளில் வரும் சித்தமும் சித்தர், சித்த மருத்துவம் என்பவற்றில் வரும் சித்தமும் தமிழில் ஒரே மாதிரி எழுதப்படுகின்றன. சித்தாசனம் மனத்தின் ஆசனம் அல்ல, சித்தி பெற்றவர்களின் ஆசனம்.

மூன்றாவதுதான் பெரிய குழி. பதஞ்சலி யோக சூத்திரத்தின் இரண்டாவது சூத்திரம், யோகம் என்றால் என்ன என்று சொல்கிற வரி: ‘யோக: சித்த விருத்தி நிரோத:’. விருத்தி என்றால் நமக்கு வளர்ச்சி. வம்ச விருத்தி, தொழில் விருத்தி என்போம். நிரோதம் தடுத்தல். அப்படியானால் மன வளர்ச்சியைத் தடுப்பது யோகமா? திருப்பூரில் பனியன் தொழில் செய்கிற ஒருவர் இந்த வரியைப் படித்துவிட்டு, நான் பிழைப்பதே விருத்தியை நம்பித்தான் என்று உண்மையான கவலையோடு கேட்டார். இந்த விருத்தி அந்த விருத்தி இல்லை. இது சுழற்சி, மனத்தில் ஓயாமல் எழுகிற அலை. சரியான அறிவு, தவறான அறிவு, கற்பனை, உறக்கம், நினைவு என ஐந்து விருத்திகளைப் பதஞ்சலி எண்ணிச் சொல்கிறார். அவை அடங்குவது யோகம்.

இதற்குப் பழைய தோத்திரப் புத்தகங்களில் ஒரு வழி இருக்கிறது. எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டு ஒலியைக் காட்டுவார்கள். எண் இல்லாவிட்டால் முதல் ஒலி. நோட்டில் நீங்களும் அப்படியே எழுதுங்கள்: காற்று பவனம், வீடு ப⁴வனம். மனம் சித்தம், கைகூடியது ஸித்³த⁴ம். அலை வ்ருத்தி, வளர்ச்சி வ்ருத்³தி⁴. மூலபந்தம் என்ற பயிற்சியின் பெயரில் வரும் கட்டு ப³ந்த⁴ம். மெய்யெழுத்தில் தமிழ் கைவிட்டாலும் குறில் நெடிலில் கைவிடாது. ஆங்கில எழுத்திலோ ஆசனம் ‘அசானா’ ஆகிவிடும். சுவரில் மாட்டியிருக்கும் ஆங்கிலப் படத்தைப் பார்த்துச் சொல்லாமல், ஆசிரியரைச் சொல்லச் சொல்லிக் காதால் கேட்டு எழுதுங்கள்.

ஏழாம் படி: எட்டு அங்கங்கள்

பதஞ்சலி யோகத்தை எட்டாகப் பகுத்ததற்கு அட்டாங்கம் என்று பெயர், அதில் அங்கம் என்றால் உறுப்பு. பலரும் இதை எட்டுப் படிகள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைப்போல ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததில் ஏறுவது என்று நினைத்தால், அஹிம்சையை முடிக்காமல் ஆசனத்துக்கு வரக்கூடாது என்றாகிவிடும். கையும் காலும் சேர்ந்தே வளர்வதுபோல இவையும் சேர்ந்து வளர்பவை.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இதே எட்டைத்தான் பேசுகிறது, தமிழ் உடையில். யமம் அங்கே இயமம், ஆசனம் ஆதனம். யோகச் சொற்கள் தமிழுக்கு நேற்று வந்த விருந்தாளிகள் அல்ல என்று காட்ட இது போதும்.

யமம் பார்த்தாயிற்று. அடுத்தது நியமம், நாமே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்கள். அவற்றில் சௌசம் தூய்மை, சந்தோஷம் என்பது குதூகலம் அல்ல, இருப்பது போதும் என்ற நிறைவு. தபஸ் என்றால் வேரில் வெப்பம். சுவாத்தியாயம் தானே ஓதிப் படிப்பது. ஈசுவர பிரணிதானம் இறைவனிடம் ஒப்படைப்பு. ஆசனத்துக்குப் பதஞ்சலி கொடுக்கும் இலக்கணம் மூன்றே சொல்: ஸ்திரம், சுகம், ஆசனம். நிலையாகவும் சுகமாகவும் இருந்தால் அது ஆசனம். ஒரு ஆசனத்தின் பெயரையும் அவர் சூத்திரத்தில் சொல்லவில்லை என்பதைக் கேட்டால் புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிரத்தியாகாரத்தில் ஆகாரம் இருக்கிறது, வீட்டுப் பெரியவர்கள் ‘ஆகாரம் ஆயிற்றா’ என்பார்களே அதுதான். உள்ளே கொண்டுவருவது என்பது அதன் வேர்ப்பொருள். பிரதி சேர்ந்ததும் அது திருப்பி இழுப்பதாகிறது. கண்ணுக்கும் காதுக்கும் போகிற தீனியைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாரணை என்றால் பிடித்துவைத்தல். கலெக்டர் அலுவலக வாசலில் இடத்தை விட்டு நகராமல் உட்கார்கிற தர்ணாவுக்கும் அதே வேர்தான். மனம் ஒரே இடத்தில் தர்ணா செய்தால் தாரணை. அது இடைவிடாமல் ஓடினால் தியானம். சமாதிக்குத்தான் பயப்படுகிறார்கள், நமக்குச் சமாதி என்றால் கல்லறை. சித்தர்களின் ஜீவசமாதிகளைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் வேறு எப்படி இருக்கும்? இங்கே அது மனம் முழுவதுமாக ஒன்றிப்போகிற நிலை. ‘சம்’ என்றால் சேர்ந்து. காவிரியும் பவானியும் சேரும் சங்கமத்தில் இருப்பதும் அதே ‘சம்’.

யோகம் என்ற சொல்லையே கடைசியில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அவனுக்கு யோகம் அடித்தது’ என்று லாட்டரிக்காரனைப் பற்றிச் சொல்லிப் பழகிய வாய் நமக்கு. யுஜ் என்ற வேருக்குப் பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். காங்கேயம் காளை இரண்டை நுகத்தடியில் பூட்டுவதைப் பார்த்தவருக்கு அது விளங்கும். அதே வேருக்கு ஒருமுகப்படுதல் என்றும் பொருள் உண்டு. பதஞ்சலிக்கு உரை எழுதிய வியாசர் யோகம் என்றால் சமாதி என்று இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்கிறார்.

வகுப்பு மாறினால்

கொங்கு நாட்டில் இது பெரிய சிக்கல். ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை அமைத்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) கூடியவரை தமிழ்ச் சொற்களிலேயே பேசினார். அவர் வழியில் வருகிற மன்றங்களில் யோகத்துக்கு மனவளக்கலை என்று பெயர், தியானத்துக்குத் தவம், கடைசியில் படுப்பதற்கு உடல் தளர்த்தல். ஆக்கினை, துரியம் போன்ற தவங்களின் பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கும். வெள்ளியங்கிரி அடிவாரத்து ஈஷா மையத்துக்குப் போனால் கிரியா, சாம்பவி மகாமுத்ரா என்று காதில் விழும். சம்புவாகிய சிவனுக்கு உரியது சாம்பவி. ஆனைகட்டியில் சுவாமி தயானந்த சரஸ்வதி தொடங்கிய ஆர்ஷ வித்யா குருகுலத்தில் வேதாந்தத்தோடு சமஸ்கிருதமும் முறையாகக் கற்பிக்கிறார்கள். அங்கே உச்சரிப்பு கறாராக இருக்கும். ஓரிடத்தில் கற்ற சொல்லை இன்னோரிடத்தில் சொல்லி விழிக்காமல் இருக்க நோட்டில் ‘இங்கே இப்படி’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எது சரி என்று வாதாடப் போகாதீர்கள், நான் போய்ப் பட்டிருக்கிறேன்.

எட்டாம் படி: பேரூருக்கு ஒரு நடை

ஒரு மாதம் ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு பேரூர் பட்டீஸ்வரர் கோயிலுக்குப் போய்வாருங்கள். பெயரிலேயே தொடங்கலாம்: பட்டி + ஈஸ்வரர். அங்கே இறவாப்பனை இருக்கிறது. தாடாசனத்தில் வரும் தாடத்துக்கு மலை என்றும் பனை என்றும் இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். அந்தப் பனையைப் பார்த்துவிட்டு நேராக நின்றால் நான் எந்தக் கட்சி என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அங்கே இருக்கிற பிறவாப்புளியை விருட்சாசனத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கனகசபை மண்டபத்துக்குள் போங்கள். தூண்களில் வீரபத்திரர் நிற்கிறார், கால்களை விரித்து ஊன்றிய நிலையையும் கைகளின் வேகத்தையும் நிதானமாகப் பாருங்கள். அடுத்த நாள் வீரபத்திராசனத்தில் முழங்கால் தானாக மடங்கும். யானைத் தோலை உரித்துப் போர்த்தவரும் அங்கே இருக்கிறார், அவருக்கு நம் வகுப்பில் வேலை இல்லை என்றாலும் பார்க்காமல் வர முடியாது.

கடைசியாக ஊர்த்துவ தாண்டவர். ஒரு கால் தரையில், இன்னொரு கால் செங்குத்தாக வானத்தை நோக்கி. ஊர்த்துவ என்றால் மேல்நோக்கி என்பதை அதற்கு மேல் யாரும் விளக்க முடியாது. அங்கேயே காலைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், குருக்கள் முறைப்பார்.